ஹீட் முடிந்த பிறகு: பெல்ஜியத்தில் மூன்று நாள்

புதன்கிழமை மதியத்தோடு வேலை முடிந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் அனுப்பிய பம்ப் கேசிங்குகளில் (பம்பின் வெளிக்கூடு) பிளோ ஹோல், அதாவது வார்ப்புக்குள் காற்று சிக்கி விழும் ஓட்டை, வருகிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். நேரில் போய்ப் பார்த்து, பாதி எங்கள் தப்பு என்று ஒப்புக்கொண்டு, மீதியைப் பேசிச் சமாளித்தேன். திரும்பும் விமானம் சனிக்கிழமை இரவு. கையில் மூன்று நாள் இருந்தது. ஊர் பிரஸ்ஸல்ஸ்.

அந்தக் கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு மேசைமேல் முழ உயரத்தில் ஒரு வெண்கல உருவம் இருந்தது. தோல் ஏப்ரன் கட்டிய ஓர் ஆள், கையில் நீளமான இடுக்கி. காத்திருந்த அரைமணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற விதம் அப்படி. உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் பதினோரு வருடம் மேற்பார்வை பார்த்தவன் நான். ஊற்றி முடித்துவிட்டு நிற்கிறவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும். இந்த ஆள் அப்படித்தான் நின்றான். யார் செய்தது என்று கேட்டேன். மெனியே என்ற பெல்ஜியச் சிற்பி என்றார்கள். அசல் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது, இது சின்னப் பிரதி, இந்த ஊரில் பழைய வீடுகளில் நிறையப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள்.

எனவே சாக்லேட், வாஃபிள், ஒண்ணுக்குப் போகும் பையன் சிலை என்று நண்பர்கள் கொடுத்த பட்டியலை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். அந்தப் பையன் ஒன்றேகால் முழம்தான் இருப்பான். அவனைச் சுற்றி ஒரு தேர்க்கூட்டம். சரி, வாஃபிள் நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ராயல் மியூசியம். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து மேடேறி நடந்தால் பத்து நிமிடம். ரூபென்ஸ், புரூகல் ஓவியங்களைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். நான் நேராக, மெனியேயின் 'புட்லர்' சிலை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன்.

இந்தப் பெயரைப் பட்லர் என்று படித்து யாரோ பங்களாவில் டீ கொடுக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இது இரும்பு உலையில் ஒரு வேலை. ஊது உலையிலிருந்து வரும் இரும்பில் கார்பன் அதிகம், அதனால் நொறுங்கும். அதைத் தட்டி வளைக்கக்கூடிய தேனிரும்பாக மாற்ற, இங்கிலாந்தின் ஹென்றி கோர்ட் 1784-ல் ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினார். உலையில் உருகிக் கிடக்கும் இரும்பை ஒருவர் நீளமான கம்பியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிளறக் கிளறக் கார்பன் எரிந்து போகும். கார்பன் குறையக் குறைய இரும்பின் உருகுநிலை ஏறும். 1,200 டிகிரிக்குள் தண்ணீராக ஓடியது, அதே சூட்டில் களியாகக் கெட்டிப்படத் தொடங்கும். வீட்டில் ராகிக் களி கிண்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். கடைசியில்தான் கை கடுக்கும். அங்கேயும் அப்படித்தான், ஆனால் இரும்பு. ஒரு ஹீட்டுக்கு, அதாவது உலையில் ஒரு தடவை போட்டு எடுப்பதற்கு, ஏறத்தாழ 200 கிலோ. அதை 30, 40 கிலோ உருண்டைகளாகத் திரட்டி, இடுக்கியால் வெளியே இழுத்து, சுத்தியலுக்கு அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஐந்தாறு ஹீட். உலைக்குள் இருப்பதன் பதத்தைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும் என்பதால் எந்த இயந்திரத்தாலும் அந்த ஆளின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி எஃகாக்கும் பெஸ்ஸமர் முறை வந்து அந்த வேலையையே தேவையில்லாமல் ஆக்கியதுதான் நடந்தது.

அப்படி ஒருவர்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். ஆளளவு வெண்கலம். தலையில் தொப்பி, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மூக்கால் மட்டும் மூச்சு விட்டால் போதாத நிலை. தோள் முன்னால் சரிந்து, கை தன் எடையில் தானே தொங்குகிறது. ஹீட்டுக்கும் ஹீட்டுக்கும் நடுவில் கிடைத்த சில நிமிடங்கள். நான் அந்தக் கையின் முன்னால் நின்றுவிட்டேன். சிற்பிகள் கையை எப்போதும் எதையாவது செய்ய வைப்பார்கள்: ஆசீர்வதிக்கும், சுட்டும், வாளைப் பிடிக்கும். இந்தக் கை எதுவும் செய்யவில்லை. விரல்கள் பாதி மடங்கியிருக்கின்றன. கம்பியை விட்டுவிட்டாலும் கம்பியின் கனம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. எங்கள் பவுண்டரியில் லேடில் (உருகிய உலோகத்தை அள்ளி ஊற்றும் கரண்டி) பிடிக்கிறவர்கள் டீ கிளாஸை இரண்டு கையாலும்தான் வாங்குவார்கள். ஒரு கையால் வாங்கினால் நடுங்கிச் சிந்தும். புதிதாக வந்த பையன்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கான்ஸ்டன்டின் மெனியே 1831-ல், இப்போது பிரஸ்ஸல்ஸுக்குள்ளேயே இருக்கும் எட்டர்பீக்கில் பிறந்தவர். சிற்பம் படித்துவிட்டு அதைக் கைவிட்டு, முப்பது வருடத்துக்குமேல் ஓவியராகவே இருந்தார். வரைந்ததெல்லாம் பெரும்பாலும் துறவிகள், புனிதர்கள். 1880 வாக்கில், பெல்ஜியத்தைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த கமீல் லெமோனியே படம் வரைய இவரையும் தொழிற்பகுதிகளுக்கு அழைத்துக்கொண்டு போனார். லியேஜ் அருகே செரானில் காக்கரில் இரும்பாலை. 1817-ல், பழைய ஆயர் அரசர்களின் மாளிகையை வாங்கி அதற்குள்ளேயே தொடங்கிய ஆலை அது. அப்புறம் போரினாஜ் நிலக்கரிப் பகுதி. ஐரோப்பியக் கண்டத்திலேயே தொழிற்புரட்சி முதலில் வேரூன்றிய மண் இதுதான். அங்கே போய்ப் பார்த்தவர் திரும்பவும் களிமண்ணைத் தொட்டார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எல்லோரும் பென்ஷனைப் பற்றி யோசிக்கும் வயது.

அதே காலத்தில்தான் அதே போரினாஜில் ஒரு இளம் பிரசங்கி சுரங்கக்காரர்களோடு வாழ்ந்து, சபையால் வெளியே அனுப்பப்பட்டு, படம் வரையத் தொடங்கினார். வின்சென்ட் வான் கோ. மெனியேயின் சுரங்கப் படங்களைப் பார்த்து, நான் செய்ய நினைத்ததை இவர் செய்திருக்கிறார் என்ற பொருளில் பிற்பாடு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அதே மியூசியத்தில் இன்னொன்றும் பார்த்தேன். தலைப்பு 'கிரிசூ', அதாவது சுரங்கத்தில் கசிந்து தேங்கி வெடிக்கும் வாயு. 1887 மார்ச்சில் காரென்யோனில் லா பூல் என்ற சுரங்கத்தில் அது வெடித்து 113 பேர் செத்தார்கள். மெனியே அங்கே போனார். பிணங்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒரு தாய் அவற்றில் தன் மகனை அடையாளம் கண்டுகொண்டதைப் பார்த்தார். இரண்டு வருடம் கழித்து அதுவே சிற்பமானது. துணியில்லாத உடல் தரையில் கிடக்கிறது. தாய் நின்றபடி, முதுகை வளைத்துக் குனிந்து பார்க்கிறாள். அழவில்லை, விழுந்து கட்டிக்கொள்ளவில்லை, தொடக்கூட இல்லை. நம் ஊரில் மாரிலடித்து ஒப்பாரி வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கும் இல்லையா, இது அவன்தானா என்று பார்க்கும் நொடி, அதைத்தான் அவர் பிடித்திருக்கிறார். இதைச் செய்து ஐந்து வருடத்தில், 1894-ல், அவருடைய இரண்டு மகன்களும் ஒரே வருடத்தில் செத்துப்போனார்கள். அதைப் படித்த பிறகு திரும்பப் போய் அந்தச் சிலையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கீழே காபி குடிக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை இக்செல் பகுதியில் அபே தெருவில் அவருடைய வீடு. வாழ்க்கையின் கடைசி ஐந்தாறு வருடங்கள் அங்கேதான். வீடும் பட்டறையும் சேர்த்து அவரே கட்டிக்கொண்டது. 1936-ல் அரசு வாங்கி, 1939-ல் காட்சியகமாகத் திறந்தது. அனுமதி இலவசம். நான் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். உள்ளே நுழைந்து கோட்டைக் கழற்றுவதற்குள், சாப்பாட்டு நேரம், ஒரு மணிக்கு வாருங்கள் என்று சிரித்தபடி வெளியே விட்டார் காவலர். நேரத்தைப் பலகையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நான்தான் பார்க்கவில்லை. மழை வேறு. எதிர்ச்சாரியில் ஒரு வாசல் கூரைக்குக் கீழே நின்று, பையிலிருந்த தட்டுவடையைத் தின்றேன். தொழிலாளி வர்க்கச் சிற்பியின் வீட்டில் சாப்பாட்டு மணியைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முன்பக்கம் சாதாரண ஒடுக்கமான வீடு. உள்ளே நடந்து பின்னால் போனால் சட்டென்று உயரம் திறக்கிறது. மேலே கண்ணாடி, வெள்ளை வெளிச்சம், நடுவில் இந்தப் பெரிய ஆட்கள். அன்றைக்கு என்னைச் சேர்த்து மூன்றே பேர் பார்வையாளர்கள். இங்கேதான் அந்த வரவேற்பறை உருவத்தின் பெரிய வடிவம்: 'மார்த்தலர்', சுத்தியல்காரர். 1886-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்துப் பேர் வாங்கியது. சுத்தியல்காரர் என்று பேர், கையில் சுத்தியலே இல்லை. இடுக்கிதான். சிற்பி பெயரை மாற்றி வைத்துவிட்டாரோ என்று என்னோடு நின்ற ஒரு இளைஞர் தன் தோழியிடம் கேட்டார் போலிருந்தது. எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது: தம்பி, அது நீராவிச் சுத்தியல். அடிப்பது இயந்திரம். உருண்டையை அதற்குக் கீழே திருப்பித் திருப்பிக் காட்டுவதுதான் இவர் வேலை. ஒவ்வொரு அடிக்கும் கசடு பொறியாகத் தெறிக்கும். அதனால்தான் காலில் அந்தத் தோலுறை, இடுப்பில் அந்த ஏப்ரன். அவருடைய பிரெஞ்சும் எனக்குத் தெரியாது, என் தமிழும் அவருக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. 1886 மார்ச்சில் இதே பெல்ஜியம் பற்றி எரிந்தது. 1871-ல் பாரிஸில் தொழிலாளர்கள் எழுந்து நடத்திய பாரிஸ் கம்யூன் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு நினைவாக லியேஜில் தொடங்கிய கூட்டம் கலவரமாகி, வேலைநிறுத்தம் ஷார்லெருவா வரை பரவி, கண்ணாடி ஆலை எரிந்து, ராணுவம் சுட்டு, ஆட்கள் செத்தார்கள். பாரிஸில் இந்தச் சுத்தியல்காரர் நின்றது அதே வருடம். ஆனால் இந்தப் பட்டறை முழுக்கத் தேடினாலும் மடக்கிய முஷ்டி ஒன்று கூடக் கிடைக்கவில்லை. யாரும் கத்தவில்லை. யாரும் எதிர்காலத்தை நோக்கி நடக்கவில்லை. களைத்திருக்கிறார்கள், ஆனால் பரிதாபமாக இல்லை. 'இயர்ஷூஸ்' என்று சுரங்க வண்டி தள்ளும் பெண் ஒருத்தி, கால்சட்டை போட்டு, தலையில் துணி கட்டி, நம்மை நேராகப் பார்க்கிறாள். 21 வயதுக்குக் குறைந்த பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று 1889-ல்தான் சட்டம் வந்தது.

இதனாலேயே மெனியேயைக் குறை சொல்பவர்களும் உண்டு. இவருடைய தொழிலாளிகள் யாரையும் பயமுறுத்தவில்லை, அதனால்தான் பணக்கார வீட்டு மேசைகளில் உட்கார்ந்தார்கள் என்பார்கள். வரவேற்பறையில் பார்த்ததை நினைத்தால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எங்கள் முதலாளி மேசையில் இது இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் பேப்பர் வெயிட், விநாயகர், நடுவில் களைத்த சுத்தியல்காரர். ஆனால் எனக்கு அந்தக் குறை முழுதாக ஒட்டவில்லை. உழைப்பாளி என்றாலே ஏதோ ஒன்றை ஓங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

நம்மில் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். உழைக்கிறவர்களை உள்ளபடி காட்டிய மெனியே காலத்துச் சமூக யதார்த்தவாதம் வேறு, சோவியத்தில் 1934-க்குப் பிறகு அதிகாரப்பூர்வக் கொள்கையாக வந்த சோசலிச யதார்த்தவாதம் வேறு. இரண்டாவதற்கு உதாரணம் வேரா முகினா 1937 பாரிஸ் கண்காட்சிக்குச் செய்த தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும். 24 மீட்டருக்குமேல், எவர்சில்வர் தகடு, சுத்தியலும் அரிவாளும் ஓங்கி, துணி பறக்கப் பாய்கிறார்கள். அருமையான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இருவருக்கும் ஒருநாளும் முதுகு வலிக்காது. நம் மெரினா உழைப்பாளர் சிலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959 குடியரசு நாளுக்கு முந்தைய நாள் திறந்தது. அதில் நான்கு பேரின் நரம்பும் புடைத்திருக்கிறது. சின்ன வயதில் அப்பாவோடு போனபோது, அந்தப் பாறை எப்போது நகரும் என்று கேட்டேன். அடுத்த தடவை வரும்போது நகர்ந்திருக்கும் என்றார்.

அன்று சாயங்காலமே லாக்கன் போனேன். கால்வாய் ஓரத்தில் 'உழைப்பின் நினைவுச்சின்னம்'. மெனியே தன் வாழ்க்கையின் கடைசிப் பகுதியை இதற்குத்தான் கொடுத்தார். தொழில், அறுவடை, துறைமுகம், சுரங்கம் என்று நான்கு பெரிய புடைப்புச் சிற்பங்கள், அவற்றோடு வெண்கல உருவங்கள். 1905-ல் அவர் இறக்கும்வரை அது எழும்பவில்லை. எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று இழுத்துக்கொண்டே போய், கட்டடக் கலைஞர் மரியோ க்னாவரின் வடிவமைப்பில் 1930-ல்தான் திறந்தார்கள். ஆள் போய் இருபத்தைந்து வருடம். நான் போனபோது அங்கே யாரும் இல்லை. ஒரு பக்கம் சாலையில் லாரிகள், மறுபக்கம் கால்வாயில் மணல் ஏற்றிய படகு. 'துறைமுகம்' சிற்பத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு எதிரே, நிஜமாகவே ஒரு கிரேன் மணல் அள்ளிக்கொண்டிருந்தது. உச்சியில் நிற்பவர் விதைக்கிறவர். இரும்பையும் கரியையும் இவ்வளவு பார்த்த ஆள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விவசாயியை நிறுத்தியிருக்கிறார். காரணம் தேடிக்கொண்டே சுற்றினேன். மழை வலுத்தது. டிராம் வந்தது. ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிட்டு ஆண்ட்வெர்ப். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஸ்டேஷனே ஒரு கோயில் மாதிரி இருக்கும், அதைத் தனியாக எழுத வேண்டும். நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், சூக்கர்ரூய் தெருவில், மெனியேயின் துறைமுகக் கூலி வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். 'பௌல்ட்ராஹர்' என்று ஊர்ப்பெயர், மூட்டை சுமப்பவர். இடுப்பில் கை, ஒரு கால் முன்னால். தலையிலிருந்து தோள்வரை சாக்கு.

பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது அப்படியே கொங்காணி. கோணிச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி, மடித்து, தலையில் மாட்டினால் தலைக்கும் முதுகுக்கும் மறைப்பு. மழைக்கு எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர்களும், உப்பு, சிமென்ட் மூட்டை இறக்கும் லோடுமேன்களும் போடுவது. மூட்டையின் தூசி கழுத்துக்குள் இறங்காது, தோளும் தேயாது. யாரும் யாரிடமும் கற்றுக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. சாக்கும் முதுகும் இருக்கிற இடத்தில் தானாக வந்த யோசனை.

போட்டோ எடுத்து, எங்கள் பழைய மோல்டிங் மேஸ்திரிக்கு அனுப்பினேன். இப்போது வேலையை விட்டுவிட்டு சூலூர்ப் பக்கம் தென்னந்தோப்பு பார்க்கிறார். இரண்டாவது நிமிடம் அவரே கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, நம்ம லோடுமேனுக்கு அந்த ஊர்ல சிலையா வெச்சிருக்காங்க?"

"ஆமாங்கண்ணா. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"வெங்கலமா?"

"வெங்கலந்தானுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "ஒரே ஊத்தா, பிரிச்சு ஊத்துனதா?"

மூன்று நாளாக இவ்வளவு பார்த்திருக்கிறேன், இதை நான் யோசிக்கவே இல்லை. இந்த அளவுச் சிலையை ஒரே ஊற்றில் எடுக்க மாட்டார்கள். துண்டு துண்டாக வார்த்துப் பொருத்தி, பொருத்து தெரியாமல் அராவித் தட்டி மறைப்பார்கள். ஃபெட்லிங் என்போம். மெனியேயின் பல வேலைகளை வார்த்தது பிரஸ்ஸல்ஸில் பீட்டர்மன் என்ற பவுண்டரி. அந்தப் பெயரோடு முத்திரை போட்ட வெண்கலங்கள் இருக்கின்றன. ஆனால் முத்திரை முதலாளியுடையது. உலைக்கு முன்னால் நின்று இந்த லோடுமேனை ஊற்றியவனும் ஒரு தொழிலாளிதான். ஊற்றி முடித்துவிட்டு அவனும் எங்கேயாவது கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பான்.

சிலையை மூன்று முறை சுற்றினேன். பீடம் உயரம். கழுத்துக்குக் கீழே, சாக்கு மடிப்புக்குப் பின்னால், முழங்காலுக்கு மேலே என்று மேஸ்திரி சொல்லச் சொல்லத் தேடினேன். பச்சைக் களிம்பும் புறா எச்சமும்தான் கண்ணில் பட்டன. பக்கத்துக் கடை நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், நான் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"தெரியலைங்கண்ணா."

"பிளோ ஹோலு?"

"அதுவும் காணோம்."

"அப்ப ஃபெட்லிங் பண்ணுனவன் கெட்டிக்காரன்," என்றார். "சரி, நம்ம கேசிங் ரிஜெக்ஷன் எத்தனைன்னு சொல்லவே இல்ல?"